சைனைட் மேட்டில் ஒரு பந்து

சாம்பியன் ரீப்ஸ்
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை நிலாவுக்கு அக்கா யசோதரா எழுதுவது. ஜெய்பீம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அப்பாவின் இருமல் பழைய இருமல்தான், புதிதாக ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வந்த பிறகும் வலிக்கிறது. லைப்சிக்கில் குளிர் ஆரம்பித்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஆகஸ்டில் வராது என்றேன். எதற்கும் கேட்டு எழுது என்றாள்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது என்று அம்மா போட்ட சட்டம் நினைவிருக்கும். "எழுதிக்குங்க. எழுதறப்ப குறுக்க பேச முடியாது இல்ல?" ஆகவே இந்த மின்னஞ்சல். வீட்டு முகவரிக்கு வருகிற கடிதம், போகிற கடிதம் இரண்டையும் அப்பா மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மேடைப் பேச்சு மாதிரி உரக்கப் படிப்பார், அம்மா கேட்பாள். அதனால் என்னைத் திட்டுவதென்றால் மரியாதையாகத் திட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் நான் நடத்தும் ஆப்டிமைசேஷன் பாடத்தில் போன பருவம் பாதி வகுப்பு ஃபெயில். துறைத் தலைவர் வால்டர் சார் என்னைக் கூப்பிட்டு, ஜனவரியில் பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்து என் வகுப்பில் உட்காரும், அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவார்கள் என்றார். பாடம் போனால் ஒப்பந்தத்தில் இருக்கும் நானும் போக வேண்டியதுதான். அதை அவர் வாயால் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். வால்டர் சார் டீ வாங்கிக் கொடுத்தால் விஷயம் பெரிது.

என் பாடம் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. செலவு குறைந்த வழியைத் தேடுகிற கணக்கு. செலவை மேடு பள்ளமான நிலமாக நினைத்துக்கொள். கண்ணைக் கட்டிவிட்ட ஆள் காலால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஓர் அடி வைக்க வேண்டும். இப்படியே போய் எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தைச் சேர வேண்டும். இதைப் பலகையில் எழுதினால் சமன்பாடு ஆகிவிடுகிறது, பிள்ளைகளுக்குக் கண் செருகிவிடுகிறது. அவர்களே திரையில் தொட்டு உருட்டி விளையாடுகிற மாதிரி ஒரு படம் வேண்டும். உன் ஆபீசில் உனக்கு இதுதானே வேலை. அவசரமில்லை, ஜனவரிக்குள் கொடுத்தால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா யசோதரா


லைப்சிக்
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு நிலாவின் ஜெய்பீம். நான் நலம், வேலை நலம், அறை நலம். குளிர் இன்னும் வரவில்லை அம்மா, வந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன். அப்பா வெந்நீர் குடிக்கிறாரா?

படம் முடிந்துவிட்டது. சுட்டி இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கிறது. வெறும் மேடு பள்ளம் வரைந்தால் நம் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்று நம்ம தங்கச் சுரங்க ஊரையே வரைந்துவிட்டேன். சைனைட் ஊற்றித் தங்கத்தை எடுத்துக்கொண்டு அரைத்த மண்ணை மட்டும் நமக்கு விட்டுப் போனார்களே, அந்த சைனைட் மேடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு இதுவரை யாரும் இந்தக் கௌரவம் கொடுத்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் தாழ்ந்த இடம், சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற நம்ம சாம்பியன் ரீப்ஸ் ஷாஃப்ட். மேட்டின் மேல் பந்தை வைத்துவிட்டால் அது சரிவு பார்த்து உருண்டு வரும். ஷாஃப்ட்டில் இறங்கினால், ஆள் இறக்கும் கூண்டுக்கு அடிப்பார்களே, அந்தக் கேஜ் மணி அடிக்கும். 'அடி அளவு' என்று ஒரு பட்டை இருக்கிறது, அதை இழுத்தால் பந்து சின்ன அடியாகவோ பெரிய அடியாகவோ வைக்கும்.

வேறு ஏதாவது வேண்டுமா? மாரிகுப்பம் ரயில்? மரம்? ஆடு? தயங்காமல் கேள்.

உன் தங்கை
நிலா


சாம்பியன் ரீப்ஸ்
1 செப்டம்பர் 2024

அன்பு நிலாவுக்கு ஜெய்பீம். அனைவரும் நலம். அப்பா வெந்நீர் குடிக்கிறார், டீத்தூள் போட்டு.

உன் படத்தை வகுப்பில் காட்டினேன். கைதட்டினார்கள். அதோடு சரி, பாடம் படுத்துவிட்டது. பந்தை மேட்டில் வைத்து உருட்டுங்கள் என்றால் ஒருவரும் உருட்டவில்லை. விரலால் பந்தைப் பிடித்து நேராக ஷாஃப்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு மணி அடிக்கிறார்கள். வகுப்பு முழுக்க மணிச் சத்தம். கோரமண்டல் பையன் பரத், போன பருவம் ஃபெயில் ஆன மகராசன், எழுந்து நின்று கேட்கிறான்: "ஷாஃப்ட்டு எங்க கீதுன்னு ஊருக்கே தெரியும் மேடம். இந்தப் பந்து இன்னாத்துக்கு தடவிகினு நிக்குது?"

வேறு ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்காது. நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். வாணி என்று ஒருத்தி அடி அளவை முழுக்க இழுத்துவிட்டாள். பந்து எல்லா மேட்டையும் தாண்டி பூதிகோட்டையில் போய் விழுந்தது. அது அவள் மாமாவின் தக்காளித் தோட்டமாம், அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அம்மாவுக்கும் ஒரு குறை. படத்தில் நம் வீடு இல்லை என்கிறாள். பின்னால் கட்டியிருக்கும் ஆடும் இல்லை என்கிறாள். முடிந்தால் பார்.

அக்கா யசோதரா


லைப்சிக்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு ஜெய்பீம். நலம், நலம். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா?

பரத் கேட்டது சரியான கேள்வி. கண்ணைக் கட்டாமல் விட்டது நம் தப்பு. அதனால் ஊர் மேல் மூடுபனி போட்டுவிட்டேன், மார்கழிக் காலையில் எதிர்வீடே தெரியாதே, அந்தப் பனி. பந்தைச் சுற்றி ஒரு முழம்தான் தெரியும். விரலால் இழுக்கவும் முடியாது, அடி அடியாகத்தான் போக முடியும். பனி எப்படி நகர்கிறது என்று பார்க்க இன்று மத்தியானம் முழுக்கப் பூங்காவில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் அடித்ததால் பனி வரவில்லை, நினைவில் இருந்ததை வரைந்தேன்.

வீடு போட்டாயிற்று. ஆடும் போட்டாயிற்று. ஆட்டின் இடது கொம்பு உள்பக்கம் வளைந்திருக்கும் இல்லையா, அதையும் சரியாக வளைத்திருக்கிறேன். பந்து பக்கத்தில் வந்தால் ஆடு திரும்பிப் பார்க்கும். ரயிலும் விட்டிருக்கிறேன், தாமதமாகத்தான் வரும்.

நிலா


கல்லூரியிலிருந்து
23 செப்டம்பர் 2024

நிலா, ஜெய்பீம். இதைக் கல்லூரி முகவரியிலிருந்து எழுதுகிறேன், அப்பாவின் கண்ணாடிக்கு எட்டாது.

பனி பிரமாதம். பிள்ளைகள் தவழ்கிற குழந்தை மாதிரி சரிவைத் தடவித் தடவி இறங்குகிறார்கள். சரிவு என்ற சொல்லுக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது என்று வாணி சொன்னாள். அதற்கு நன்றி.

இப்போது ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ பூங்காவில் உட்கார்ந்திருந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் கேட்டது ஒரு படம். இரண்டே நாளில் ஊர் வருகிறது, ரயில் வருகிறது, ஆட்டுக்குக் கொம்பு வளைகிறது. ஆபீசுக்குப் போகிறவளுக்கு இத்தனை நேரம் எங்கேயடி கிடைக்கிறது? உன் வேலை என்ன ஆயிற்று?

யசோதரா


லைப்சிக்
20 அக்டோபர் 2024

அக்கா, ஜெய்பீம். இதையும் உன் கல்லூரி முகவரிக்கே அனுப்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. நாலு தடவை எழுதி அழித்தேன்.

வேலை ஜூனிலேயே போய்விட்டது. எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். வேறு இடங்களுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் மரியாதையாகவே 'இடமில்லை' என்கிறார்கள். இங்கே இருக்க அனுமதி கோடைவரை இருக்கிறது. பெங்களூரில் ஓர் இடத்தில் கூப்பிடுகிறார்கள், ஆனால் இங்கே பார்த்ததைவிட இரண்டு படி கீழே உள்ள வேலை.

வீட்டுக்கு வா என்று சொல்லாதே. நான் வெளிநாட்டுக்குக் கிளம்பின அன்று சாம்பியன் ஸ்டேஷனுக்கு நம்ம லைனில் வரிசையாக இருக்கிற வீடு அத்தனையும் வந்தது. நாகேஷ் மாமா மாலை போட்டார். கழற்றினால் வருத்தப்படுவார் என்று பங்காருபேட்டைவரை அந்த மாலையோடேயே உட்கார்ந்து வந்தேன், எதிர் சீட்டுக்காரர் கல்யாணமா என்று கேட்டார். அதே ஸ்டேஷனில் பெட்டியோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இறங்குவேன்? எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. இந்த அறை சின்னதுதான், ஆனால் சூடாக இருக்கிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் படம் ஒன்றுதான் என்னைக் காலையில் எழுப்புகிறது. இன்னும் ஏதாவது கேள்.

நிலா


சாம்பியன் ரீப்ஸ்
10 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு ஜெய்பீம். இங்கே அனைவரும் நலம். நீயும் உன் வேலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். (இந்த வரியைப் படிக்கும்போது அப்பாவின் குரல் கணீரென்று இருந்தது.)

ஒரு சிக்கல். பனியில் இறங்குகிற பந்துகளில் பாதிக்கு மேல் ஷாஃப்ட்டுக்கு வருவதில்லை. கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழி வைத்திருக்கிறாய் பார், அதில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. பிள்ளைகளும் அதுதான் முடிவு என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். "நாலு பக்கமும் மேடு மேடம். இதுக்கு கீழ ஒண்ணும் கெடையாது" என்கிறான் பரத். அவன் ஊர்க் குழி என்பதில் அவனுக்குப் பெருமை வேறு. இதிலிருந்து பந்தைக் கிளப்ப ஒரு வழி வேண்டும், பாடத்திலும் அடுத்தது அதுதான்.

இதுவரை படித்துக்கொண்டே வந்த அப்பா, "ராக் பர்ஸ்ட் வெச்சிடு" என்றார். பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரமெல்லாம் கீழே விழும் என்பார்களே, அந்த மாதிரி ஊரையே ஓர் உலுக்கு உலுக்கினால் பந்து எகிறாதா என்கிறார். எகிறும், பாடத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் செய்வார்கள். சத்தம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதென்று தானே வாயால் செய்து போனில் பதிவு பண்ணிக் கொடுத்தார். முதல் தடவை இருமல் வந்துவிட்டது. இரண்டாவதை அனுப்புகிறேன்.

அக்கா யசோதரா


லைப்சிக்
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு ஜெய்பீம். குளிர் வந்துவிட்டது அம்மா, சொன்னபடி உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். குல்லா போட்டிருக்கிறேன்.

'உலுக்கு' என்று சிவப்புப் பட்டன் வைத்தாயிற்று. அழுத்தினால் மேடு ஆடும், ஆடு கத்தும், குழியில் இருக்கிற பந்து எகிறி வேறெங்காவது விழுந்து மறுபடி உருளத் தொடங்கும். அப்பாவின் குரலைக் கொஞ்சம் கனமாக்கியிருக்கிறேன். சத்தத்தைக் குறைத்து வை.

நிலா


சாம்பியன் ரீப்ஸ்
20 ஜனவரி 2025

அன்புத் தங்கை நிலாவுக்கு ஜெய்பீம். நாங்கள் நலம், நலம் என்று சொல்ல முடிகிற அளவுக்கு நலம். இன்று குழு வந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

கருத்தரங்கக் கூடத்தில் வகுப்பு. பிள்ளைகளின் கலைவிழாவுக்காக ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். என்னைக் கேட்காமலே பரத் மடிக்கணினியை அதில் மாட்டிவிட்டான், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமாம். குழுத் தலைவி கங்கம்மா மேடம் முன்வரிசையில் கையில் பிஸ்கட்டோடு இருந்தார். மேடு, சரிவு, பனி எல்லாம் நன்றாகப் போயிற்று. பந்து குழியில் உட்கார்ந்தது. நான் சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

கல்லூரி ஆடிவிட்டது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடு. வாசலில் இருந்த அட்டெண்டர் சின்னசாமி அண்ணன், மைன்ஸ் மூடுகிறவரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர், "ராக் பர்ஸ்டு, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தி மணியை அடித்துத் தள்ளிவிட்டார். இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். ஒரே ஓட்டத்தில் கல்லூரி முழுக்க மைதானத்தில் நின்றது. கங்கம்மா மேடம் பிஸ்கட்டோடு நின்றார். வால்டர் சார் என்னைப் பார்த்தார், எனக்கு டீ வாங்கிக் கொடுக்கும் நிலையில்கூட அவர் இல்லை. அது பூமி இல்லை, என் அப்பாவின் வாய் என்று அத்தனை பேருக்கு நடுவில் நானே எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. என் வேலை அந்த மைதானத்திலேயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

கங்கம்மா மேடம் பிஸ்கட்டை மென்று முடித்தார். பிறகு, "பந்து குழியில நிம்மதியாத்தானே இருந்தது? அதை ஏன் உலுக்கணும்?" என்று கேட்டார்.

"அதான் பிரச்சனை மேடம்," என்றேன். "நாலு பக்கமும் மேடு. எந்தப் பக்கம் ஓரடி வெச்சாலும் இப்ப இருக்கறதைவிட மோசமாத்தான் தெரியும். அதனால இதுதான் நம்ம எடம்னு உக்காந்துடும். தானா கெளம்பாது."

பின்னாலிருந்து பரத், யாரும் கேட்காமலே, "உலுக்கினா மொதல்ல மேலதான் போவும் மேடம். செலவு ஏறும். அதுக்கு பயந்தா ஷாஃப்ட்ட பாக்கவே முடியாது" என்றான். ஃபெயில் ஆன பையன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த வால்டர் சார் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

பாடம் இருக்கும், நானும் இருப்பேன். மற்ற பாடங்களுக்கும் இதே மாதிரி படம் வேண்டுமாம். செய்தது யார் என்று கேட்டார்கள். என் தங்கை என்றேன். சின்னசாமி அண்ணன் மட்டும் என்னோடு பேசவில்லை.

அக்கா யசோதரா


லைப்சிக்
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு ஜெய்பீம். சிரித்துச் சிரித்துப் பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டிவிட்டாள். அப்பாவின் குரலுக்கு ஒரு விருது கொடுக்க வேண்டும். உன் வேலை நிலைத்ததில் எனக்குத்தான் அதிக சந்தோஷம்.

நான் நலம். வேலைதான் கொஞ்சம் அதிகம். ஏப்ரல் பதினாலு அம்பேத்கர் ஜெயந்திக்கு வர முடியுமா என்று அம்மா கேட்டிருந்தாள். இந்த வருடம் முடியாது போலிருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

நிலா


சாம்பியன் ரீப்ஸ்
9 பிப்ரவரி 2025

நிலாவுக்கு உங்கம்மா சரோஜம்மா சொல்லி, உங்கப்பா நெடுஞ்செழியன் எழுதறது. ஜெய்பீம். நான் சொல்றத அப்படியே எழுதணும், ஒரு வார்த்தை மாத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். (மாற்றவில்லை. — நெ.)

வேல அதிகம்னு எழுதியிருந்த. உனக்கு வேல போயி எத்தினி மாசமாச்சு? யாரும் சொல்லல. வேலயில இருந்தப்ப நீ நாலு வரிதான் எழுதுவ, அதுலயும் ரெண்டு வரி அப்புறம் எழுதறேன்னு இருக்கும். இப்ப ஆட்டுக் கொம்பு எந்தப் பக்கம் வளையுதுன்னு எழுதற. பெத்தவளுக்கு இது தெரியாதா?

நீயா சொல்லுவன்னு இருந்தேன். அக்கா அந்தக் குழி கதைய எழுதினாளே, நாலு பக்கமும் மேடு, தானா கெளம்பாதுன்னு. அத உங்கப்பாவ ரெண்டாந்தபா படிக்கச் சொன்னேன். சரி, இது நம்ம பொண்ணுதான்னு புரிஞ்சுபோச்சு.

அதனால நானே பட்டன அமுக்கிட்டேன். நேத்து புத்த விகாரத்துல கும்பிட்டு முடிச்சதும் லைன்ல ஒரு வூடு விடாம போயி சொல்ட்டேன், எம் பொண்ணுக்கு வேல போயிடுச்சு, வூட்டுக்கு வந்துகினு இருக்கான்னு. (நான் தடுத்தேன். கேட்கவில்லை. — நெ.) ஒருத்தரும் மூஞ்சி சுளிக்கல. உனக்கு மால போட்டாரே நாகேஷ், அவரு சிரிக்கிறாரு. "இன்னாம்மா இது, வேல போனதுக்கு வெக்கப்படறதுன்னா அவ வேற ஊரு பாத்துல்ல பொறந்திருக்கணும்"னாரு. மைன்ஸ மூடினப்ப ஒரே நாள்ல ஊருக்கே வேல போச்சு. யாரு யாரப் பாத்து வெக்கப்பட்டோம்? உங்கப்பா மறுநாள் காலையிலயும் சிப்ட்டுக்கு சட்டய மாட்டிகினு வாசல்ல நின்னாரு. (இதை எழுத வேண்டாம் என்றேன். — நெ.) நான்தான் கைய புடிச்சு உள்ள இட்டாந்தேன். அன்னிக்கி நாங்க செத்தா போயிட்டோம்?

இனிமே மறைக்கறதுக்கு உங்கிட்ட ஒண்ணும் இல்ல. குளிர்ல கெடக்காத. வா.

சரோஜம்மா
(நானும் வா என்றுதான் சொல்கிறேன் மகளே. — அப்பா)


லைப்சிக்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அக்காவுக்கு ஜெய்பீம். நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

பந்து எகிறிவிட்டது. பெங்களூர் வேலைக்குச் சரி என்று எழுதிவிட்டேன். இரண்டு படி கீழேதான், பரவாயில்லை, அங்கிருந்து தடவிப் பார்க்கிறேன். அக்காவின் மற்ற பாடங்களுக்குப் படமும் வீட்டில் உட்கார்ந்து செய்யலாம், ஆட்டை நேரில் பார்த்து வரைய வேண்டும், வலது கொம்பு சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் முதல் வாரம் சாயங்கால மாரிகுப்பம் வண்டியில் வருகிறேன். நாகேஷ் மாமாவிடம் மாலை வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னாலும் கேட்க மாட்டார், சாமந்தியாக இருந்தால் தும்மல் வராது. அப்பா, வண்டி சாம்பியனில் ஒரு நிமிடம்தான் நிற்கும். பிளாட்பாரத்தில் நின்று அந்தச் சத்தத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் இறங்க வேண்டும்.

நிலா